ரெண்டர் போட்டாலே அணைந்துவிடும் லேப்டாப்: ஹீட்சிங்கா, போர்டா?

குளச்சலில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. 2020-இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் கோர் ஐ7-9750எச், 16 ஜிபி ரேம். மூன்று வாரமாக, ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்ட பத்தாவது நிமிடம் பொட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை எதுவும் வருவதில்லை. அணைவதற்கு முன் சூடு 99 டிகிரி காட்டுகிறது. இந்த சிப்புக்கு உச்சவரம்பே 100தான்.

ஃபேனைக் கழற்றித் தூசி தட்டியாச்சு. நாகர்கோவிலில், சூடு கடத்த சிப்பின் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றினேன், இரண்டு நாள்தான் தாங்கியது. பவர் ஆப்ஷனில் பிராசஸர் உச்சத்தை 99 சதவீதம் வைத்து டர்போவை (சிப்பின் கூடுதல் வேகம்) நிறுத்தினால் 85-இல் நிற்கிறது, அணைவதில்லை. ஆனால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கிறது. முகூர்த்த மாதத்தில் இது கட்டுப்படியாகாது.

நேற்று அடிமூடியைக் கழற்றி ஓடவிட்டுப் பார்த்தேன். ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பாகம்) உள்ள இரண்டு செம்புக் குழாயில் ஒன்றின் நுனி கை வைக்க முடியாத சூடு. மற்றதில் வெதுவெதுப்புகூட இல்லை. அதன் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு வேறு. வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம், ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடும். கடைக்காரரோ, "போர்டு போச்சு மக்கா" என்று மதர்போர்டைக் கைகாட்டுகிறார். டர்போ இல்லாமல் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஹீட்சிங்கை மட்டும் மாற்றினால் இது சரியாகுமா?