மறு: ‘பிளேன் ஏர்’ ஓவியத்துக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பட்டறைக்குள் அல்லாமல் வெளியே, காட்சியின் முன்னாலேயே நின்று தீட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடர் ‘பிளேன் ஏர்’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘திறந்தவெளி ஓவியம்’ என்றே வைத்துவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். திறந்தவெளி அரங்கம் திறந்தவெளியில் இருக்கிறது, திறந்தவெளிச் சிறையும் அப்படியே. அந்த வரிசையில் திறந்தவெளி ஓவியம் என்றால் மேம்பாலத் தூணில் வரைந்த படம் என்றுதான் வாசகர் நினைப்பார். நமக்கு வேண்டியது படம் இருக்கும் இடம் அல்ல, ஓவியர் நின்ற இடம். (ஊராட்சிச் சுவர்களில் ‘திறந்தவெளி’ எந்த அறிவிப்பில் வருகிறது என்பதையும் யோசியுங்கள்.)

‘இயற்கை ஓவியம்’ இன்னும் சிக்கல். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை வடக்கு ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய குழந்தைகளைப் பற்றியது. 1884இல் டென்மார்க்கின் வட கோடியில், ஸ்காகன் கடற்கரையில் ஆடும் பிள்ளைகளை டேனிஷ் ஓவியர் க்ரோயர் தீட்டினார். அதே ஆண்டு பின்லாந்தின் ஹைக்கோ கரையில் பொம்மைப் படகு விடும் மூன்று சிறுவர்களை அந்நாட்டு ஓவியர் எடெல்ஃபெல்ட் தீட்டினார். அதற்கு ஐந்தாண்டு முன்பே அவர் ஒரு குழந்தையின் சவப்பெட்டியைப் படகில் கொண்டுபோகும் குடும்பத்தை, கோடை வெளிச்சம் கண் கூசும் கடலின் நடுவே வைத்துத் தீட்டியிருந்தார். 1880இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பதக்கம் பெற்ற படம் அது. அதைப் போய் ‘இயற்கை ஓவியம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. (பின்லாந்து ஸ்காண்டிநேவியாவில் சேருமா என்ற வழக்கை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

> ஜெர்மானியர் ‘ஃப்ரைலிஷ்ட்’ என்கிறார்கள், ‘லிஷ்ட்’ என்றால் ஒளி. ‘வெளியொளி ஓவியம்’ சரிவருமா?

அழகான சொல். டேனிஷில் ஒளி இல்லை, காற்றுதான்: ‘ஃப்ரிலுஃப்ட்’, கட்டற்ற காற்று. பிரெஞ்சிலும் காற்றே. ஆனால் ஒளியை நான் தவிர்ப்பதற்குக் காரணம் மொழி அல்ல, ஒரு படம். ஸ்காகனிலேயே பிறந்து வளர்ந்த ஓவியர் ஆன்னா ஆங்கர் 1891இல் தம் மகள் ஹெல்காவைத் தீட்டினார். நீலச் சுவர் கொண்ட அறை. சிறுமி நமக்கு முதுகு காட்டிக் கைவேலையில் குனிந்திருக்கிறாள். சன்னல் வழியே வந்த வெயில் சுவரில் சட்டம் சட்டமாக விழுந்திருக்கிறது, அவள் தலைமுடியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியொளி என்றால் இதைவிட வெளியொளி எது? ஆனாலும் அது வீட்டுக்குள் தீட்டியது, நம் கணக்கில் சேராது. மறுபக்கம், க்ரோயரின் 1899ஆம் ஆண்டுப் படத்தில் சிறுவர்கள் நிலா வெளிச்சத்தில் கடலாடுகிறார்கள். ஆகவே ‘வெயிலோவியம்’ என்ற பரிந்துரையும் அங்கேயே விழுந்துவிடுகிறது.

‘கள ஓவியம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சேர்த்து எழுதினால் ‘களவோவியம்’ ஆகிவிடும், காவல் நிலையத்தில் தேட வேண்டியதுதான்! ‘வெளித்தீட்டு’ வேண்டவே வேண்டாம். ‘வெளிவரைவு’ கிட்டத்தட்ட என்னை மயக்கியது. ஆனால் வரைவு என்றால் இன்று முதற்படி. இவர்களுக்கு முந்தைய காலத்து டேனிஷ் ஓவிய ஆசிரியர் எக்கர்ஸ்பெர்க் தம் மாணவர்களை வெளியே அழைத்துப்போய்ச் சிறு எண்ணெய்வண்ணப் படங்கள் போட வைத்தவர். அவை பயிற்சி, கண்காட்சிக்குரிய படம் பட்டறையில்தான் முடியும். அடுத்த தலைமுறை அந்த ஏற்பாட்டைத்தான் எதிர்த்தது. 1841இல் வந்த உலோகக் குழாய் வண்ணம் சட்டைப்பையில் அடங்கியதால், முடிக்கும் படத்தையே வெளியில் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. இதற்கு ‘வரைவு’ என்று பெயரிட்டால் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை: நேர்வெளி ஓவியம். நேர்காணலில் உள்ள ‘நேர்’. பிரெஞ்சுத் தொடர் வினையோடு நிற்பது, இதுவும் நிற்கும்: “க்ரோயர் நேர்வெளியில் தீட்டினார்.”

———

தம்பிக்கு,

சொல் நாவில் நன்றாக உட்காருகிறது. ஒரே ஒரு உறுத்தல். ‘ஹிப் ஹிப் ஹுர்ரே’ படத்தை க்ரோயர் 1884இல் தொடங்கி 1888இல் முடித்தார், புகைப்படத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்தத் தோட்டத்து விருந்தில் தாயின் பக்கத்தில் சாய்ந்திருக்கும் சிறுமி, நீங்கள் சொன்ன அதே ஹெல்காதான். நான்கு ஆண்டு இழுத்த படத்தை ‘நேர்’ என்று சொல்ல மனம் வருமா? கணிதக்காரர்கள் ‘நேரியல் வெளி’ என்று சண்டைக்கு வருவதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

———

ஐயா,

சரியான அடி. சொல் ஒரு வழக்கத்துக்கு, ஒவ்வொரு படத்துக்கும் தரும் சான்றிதழ் அல்ல என்று வாதிடலாம் என்று பார்த்தேன். ஆனால் வாசகர் சான்றிதழாகத்தான் படிப்பார். அதனால் இயக்கத்தைக் குறிக்கும்போது ‘நேர்வெளி ஓவியம்’, தனிப்படத்தைப் பேசும்போது நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றாம் பத்தி இப்போது இப்படி இருக்கிறது: “நேர்வெளி ஓவியர்களில் ஒருவரான க்ரோயர் இந்த விருந்தைத் தோட்டத்தில் தொடங்கி, நான்கு ஆண்டு கழித்து முடித்தார். தொடங்கியபோது ஹெல்காவுக்கு ஒரு வயது.” படத்தில் இருப்பவள் ஒரு வயதுக் குழந்தை அல்ல என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும், அதற்குள் இன்னொரு உறுத்தல் இருந்தால் எழுதுங்கள்.