கியூரிங்குக்கு "நீராற்றல்" போதுமா? "முதிர்ப்பு"ன்னு ஒரு சொல்லை முன்வைக்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம்,

கான்கிரீட் போட்டப்புறம் அது பலம் ஏற ஈரத்தையும் சூட்டையும் காத்துப் பராமரிக்கிற கியூரிங்குக்கு தமிழ்ச்சொல் தேடுற இந்த இழைய மூணு நாளா படிச்சிட்டுதான் இருந்தேன், தளம் போடுற வேலை ஓடிட்டு இருந்ததால உக்காந்து எழுத முடியல. இதுவரைக்கும் வந்த சொல்லெல்லாம் பாத்தா குணமூட்டல், பதப்படுத்தல், நனைப்பு, நீராற்றல். இதுல குணமூட்டல முதல்லயே எடுத்துடலாம், அது வியாதிய தீர்க்குற கியூர், இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லா இருக்குறதால வந்த மயக்கம். பதப்படுத்தல் நல்ல சொல்தான், ஆனா தோலு, மீனு, பழம்னு கெட்டுப்போகாம வைக்கிற வேலைக்கு அது எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு. மிச்சம் நனைப்பும் நீராற்றலும். இந்த ரெண்டைப் பத்திதான் நான் கொஞ்சம் நீளமா பேசணும், பொறுத்துக்கோங்க.

> கான்கிரீட்டுக்கு தண்ணி விடுறதுதானே கியூரிங், அப்ப நீராற்றல்ல என்ன தப்பு?

ஐயா, தண்ணி விடுறது கியூரிங்ல ஒரு வழி, அவ்வளவுதான், அதுவே கியூரிங் இல்ல. வெறும் சொல்லுக்காக நான் மல்லுக்கட்டல, எனக்கு நடந்ததையே சொல்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு சைட்டுக்கு தமிழ்ல வேலைக்குறிப்பு எழுதிக் குடுத்தேன். அங்க தண்ணி தட்டுப்பாடு, அதனால கியூரிங் காம்பவுண்ட் அடிக்கிறதா முடிவு. கான்கிரீட் மேல மினுமினுன்னு நிக்கிற தண்ணி வத்துனதும் ஸ்ப்ரேயர்ல அத அடிச்சா மெழுகு மாதிரி ஒரு படலம் பிடிச்சு உள்ள இருக்குற ஈரத்த வெளிய விடாம வச்சுக்கும், அதுக்கு மேல தண்ணியே தேவையில்ல. நான் அதுக்கு "நீராற்றல் பூச்சு"ன்னு எழுதிட்டேன். பூச்சு அடிச்ச கையோட, பேர்லயே நீர்னு இருக்கேன்னு ஹோஸ எடுத்து தண்ணியும் அடிச்சுட்டாங்க, படலம் பிடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு. அப்புறம் படலமும் இல்ல, தொடர்ந்து விடத் தண்ணியும் இல்ல, ரெண்டு நாள்ல தளம் பூரா மயிரிழை வெடிப்பு. வேலை செஞ்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல, எழுதியிருந்தத அப்படியே செஞ்சாங்க. அன்னைலேருந்து இந்த சொல்லு எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு.

அதுபோக நீராற்றல்னு சேத்து எழுதுனா அணைக்கட்டுல கரண்ட் எடுக்குற நீர் ஆற்றல்னுதான் பாதிப் பேருக்குத் தோணும். அது சின்ன விஷயம், விட்டுடலாம்.

பெரிய விஷயம் என்னன்னா நம்ம வாயில தானா வர்ற சொல்லு "காயட்டும்". தளம் போட்டாச்சு, நல்லா காயட்டும், அப்புறம் முட்டு பிரிக்கலாம்னு சொல்றோம் இல்ல, அந்தக் காயுறதுதான் கான்கிரீட்டுக்கு எதிரி. கான்கிரீட் காஞ்சு கெட்டியாகறது இல்ல, சிமெண்டும் தண்ணியும் வேதிவினை பண்ணி கெட்டியாகுது, அதனாலதான் பாலத்தோட அடித்தூண தண்ணிக்கு அடியிலயே போட்டாலும் அது கல்லாகுது. 100 கிலோ சிமெண்ட் முழுசா வினைபுரியணும்னா சுமாரா 42 கிலோ தண்ணி வேணும், அதுல ஒரு 23 கிலோ சிமெண்டோடயே கட்டுண்டு போயிடும், மிச்சம் அதுல உருவாகுற கூழ்மத்தோட நுண்துளைகள்ல பிடிபட்டு நிக்கும். உள்ள ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழ இறங்கிட்டா வினை கிட்டத்தட்ட நின்னே போயிடும். ஆக தண்ணிய உள்ள இருக்க வைக்கணும், சூட்ட சரியா வைக்கணும், நாள் குடுக்கணும். இந்த மூணும் சேர்ந்ததுதான் கியூரிங்.

இதுல யாரும் அதிகம் பேசாத ஒண்ணு இருக்கு, கியூரிங் சரியில்லன்னா அடி வாங்குறது முக்கியமா மேல் தோல்தான், அதாவது கம்பிக்கு வெளிய இருக்குற கவர். தளத்தோட நடு வயிறு எப்படியோ ஈரத்த வச்சு சமாளிச்சுக்கும், கவர் முடியாது. கம்பி துருப்பிடிக்காம காப்பாத்துறதே அந்தக் கவர்தான். இத கியூப் டெஸ்ட் (அதே கலவைய சின்ன கனசதுரமா வார்த்து உடைச்சு பலம் பாக்குறது) காட்டவே காட்டாது, ஏன்னா கியூப தொட்டித் தண்ணியில 28 நாள் முக்கி வச்சு உடைக்கிறோம், அது பாஸ் ஆகத்தான் செய்யும், அதே கான்கிரீட்ல போட்ட தளம் வெயில்ல காஞ்சு கிடக்கும். ரிப்போர்ட் நல்லா இருந்துச்சே பில்டிங் ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்குற பல இடத்துல விஷயம் இதுதான்.

சரி, சொல்லுக்கு வர்றேன். இந்தத் துறையில இப்ப வர்ற புதுசு ஒவ்வொண்ணையும் எடுத்து நீராற்றல்ங்கிற சொல்லுக்குள்ள உக்கார வச்சுப் பாருங்க, எது உக்காருது எது வெளிய நிக்குதுன்னு தெரியும்.

கான்கிரீட் உறுப்புகள முன்னாடியே வார்த்தெடுக்குற பிரீகாஸ்ட் பேக்டரியில நீராவி விடுறாங்க, 60 டிகிரி வாக்குல சூடு குடுத்தா மறுநாள் காலையிலயே அச்சுலேருந்து தூக்குற பலம் வந்துடும். சூடு 70 டிகிரிய தாண்டக்கூடாது, தாண்டுனா பின்னாடி வருஷம் கழிச்சு எட்ரிஞ்சைட்டுன்னு ஒரு உப்பு உள்ள வளர்ந்து கான்கிரீட்ட உப்ப வச்சு வெடிக்க வைக்கிற ஆபத்து இருக்கு. இங்க வேலை பாக்குறது பெரும்பாலும் சூடு. அப்புறம் உயர் வலிமைக் கான்கிரீட், தண்ணி சிமெண்ட் விகிதம் 0.3 பக்கம் போட்டது, அது அவ்வளவு இறுக்கமா இருக்கும், மேல பாத்தி கட்டி எவ்வளவு தண்ணி நிறுத்துனாலும் உள்ள இறங்காது. அதுக்காக துளையுள்ள லேசான ஜல்லிய முன்னாடியே ஊற வச்சோ, தண்ணிய உறிஞ்சி வச்சுக்குற பாலிமர் துகளப் போட்டோ கலக்குறாங்க, அது உள்ளேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஈரத்த விட்டுக் குடுக்கும். இது நீர்தான், ஆனா வெளியேருந்து ஊத்துறது இல்ல.

ஜியோபாலிமர் எடுத்துக்கோங்க, சாதா சிமெண்டுக்குப் பதிலா சாம்பல், கசடு மாதிரி பொருளக் காரக் கரைசலோட வினைபுரிய வச்சு கெட்டியாக்குறது, 1970களோட கடைசியில ஜோசப் டேவிடோவிட்ஸ்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர் பேர் வச்சது, அதுல வினை நடக்கும்போது தண்ணி உள்ள கட்டுண்டு போறதில்ல, வெளியதான் வருது. நிலக்கரிச் சாம்பல்ல செஞ்சதுன்னா பலம் சீக்கிரம் வர 60லேருந்து 80 டிகிரி வரைக்கும் சூடு காட்டுறாங்க. இத நீராற்றல்னு எப்படி சொல்றது? அப்புறம் கார்பன் டை ஆக்சைடு கியூரிங், அச்செடுத்த பிளாக்குகள அடைச்ச அறையில வச்சு அந்த வாயுவ விடுறாங்க, சிமெண்ட்ல இருக்குற கால்சியத்தோட சேர்ந்து அது சுண்ணாம்புக்கல்லா உள்ளயே தங்கிடுது, சில மணி நேரத்துலயே நல்ல பலம் வந்துடுது. (யோசிச்சா இது சுண்ணாம்புச் சாந்து பழைய காலத்துலேருந்து பண்ற வேலைதான், சுண்ணாம்பு காத்துலேருந்து அதே வாயுவ எடுத்து மெதுவா திரும்பவும் கல்லாகுது, இங்க அத அவசரப்படுத்துறாங்க.) பெரும்பாலும் கம்பி இல்லாத பிளாக்குகளுக்குத்தான் இது, ஏன்னா இந்த வினை கான்கிரீட்டோட காரத்தன்மைய குறைச்சுடும், கம்பிய துருவுலேருந்து காக்குறதே அந்தக் காரம்தான்.

த்ரீடி பிரிண்டிங்ல பிரச்சினை வேற மாதிரி. சென்ட்ரிங் பலகையே கிடையாது, பலகை இருந்தா அதுவே பக்கவாட்ட மூடி ஈரத்த காப்பாத்தும், இங்க அடுக்கு அடுக்கா பிழிஞ்சு வைக்கிற சுவரு முதல் நிமிஷத்துலேருந்தே காத்துக்கு மேனியக் காட்டிட்டு நிக்குது. சாதாரணத் தளத்துக்கே ஒரு சதுர மீட்டர்லேருந்து மணிக்கு 1 கிலோ தண்ணி ஆவியாச்சுன்னா வெடிப்பு வரும்னு உஷாரா இருக்கணும்பாங்க, பிரிண்ட் பண்ண சுவருக்கு ரெண்டு பக்கமும் வெயிலு.

எல்லாத்தையும் விட எனக்குக் கவலை தர்ற விஷயம் சிமெண்ட் மாறிட்டு வர்றது. உலகத்துல மனுஷன் வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமெண்ட்லேருந்து வருது, அதுலயும் பாதிக்கு மேல சூளையில எரிக்கிற எரிபொருளால இல்ல, சுண்ணாம்புக்கல் வெந்து உடையும்போது அதுக்குள்ளேருந்தே வர்றது. அதனால கிளிங்கர (சூளையில வெந்து வர்ற, அரைச்சா சிமெண்ட் ஆகுற கட்டி) குறைச்சு நிலக்கரிச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு, சுட்ட களிமண்ணு, சுண்ணாம்புக்கல் தூள்னு சேக்குறாங்க, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த எல்சி3ங்கிற சிமெண்ட்ல பாதிதான் கிளிங்கர். இது போக வேண்டிய வழிதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா சாம்பலும் கசடும் சேர்ந்த சிமெண்ட் மெதுவா வேலை செய்யும், சாதா சிமெண்டுக்கு 7 நாள் போதும்னா இதுக்கு 10, 14 நாள்னு குடுக்கணும். ஒரு பக்கம் வேலைய சீக்கிரம் முடின்னு நெருக்குறாங்க, தண்ணி குறையுது, வெயில் ஏறுது, இன்னொரு பக்கம் கியூரிங் இன்னும் கூடுதலா கேக்குற சிமெண்ட் வருது. இப்படி நேரத்துல கியூரிங்னா பைப்ப புடிச்சு தண்ணி ஊத்துறதுன்னு ஒரு சொல்லே சொல்லிக் குடுத்துட்டு இருந்தா அது சரியில்ல.

என் முன்மொழிவு: முதிர்ப்பு.

எப்படி வந்தேன்னா, இந்த வழி எல்லாத்துக்கும் பொதுவா இருக்குறது நீரும் இல்ல சூடும் இல்ல, கான்கிரீட்ட முதிர விடுறது. ஏற்கெனவே மெச்சூரிட்டின்னு ஒரு கணக்கு இருக்கு, 1951ல சால்ங்கிறவர் சொன்னது, எத்தனை நாள் எத்தனை டிகிரி சூட்டுல இருந்துச்சுன்னு பெருக்கிக் கூட்டி பலத்த கணிக்கிறது. இப்ப கான்கிரீட்டுக்குள்ள சின்ன சென்சார கட்டிப் புதைச்சுட்டு போன்லயே பாத்து முட்டு பிரிக்கலாமான்னு முடிவு பண்றாங்க. அத முதிர்ச்சின்னு சொன்னா யாருக்கும் விளக்கம் வேணாம். அப்ப அந்த முதிர்ச்சிய வர வைக்கிற வேலைக்கு? வளர்ச்சி தானா நடக்குறது, வளர்ப்பு நாம செய்யுறது. அதே மாதிரி முதிர்ச்சி கான்கிரீட்டுக்கு நடக்குறது, முதிர்ப்பு நாம செய்யுறது. வளர்க்கிறோம், உதிர்க்கிறோம்னு சொல்ற மாதிரியே முதிர்க்கிறோம், முதிர்த்தாச்சு, முதிர்க்கல. புதுசா வாயில பழகவேண்டியது ஒண்ணும் இல்ல.

கூட்டுச்சொல்லும் தடையில்லாம வருது பாருங்க: நீர் முதிர்ப்பு, நீராவி முதிர்ப்பு, உள்முதிர்ப்பு, வெப்ப முதிர்ப்பு, கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) முதிர்ப்பு. என்னைய மாட்டிவிட்ட அந்தக் காம்பவுண்டு முதிர்ப்புப் பூச்சு. போதிய அளவு செய்யாம விட்டது குறைமுதிர்ப்பு.

> முற்றவைத்தல்னு வச்சா என்ன, கதிர் முத்துற மாதிரி, கேக்கவே அழகா இருக்கு

அக்கா, இதுல எனக்கும் மனசு போச்சு, ஒரு நாள் முழுக்க இத வச்சுக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டு காரணத்துக்காக விட்டேன். முற்றுன்னா முடிஞ்சு போச்சுங்கிற பொருளும் கூடவே வருது, ஆனா 28 நாளோட கான்கிரீட் முடியறதில்ல, ஈரம் இருக்குற வரைக்கும் வருஷக்கணக்குல பலம் ஏறிட்டேதான் இருக்கும். இன்னொண்ணு பேச்சுல முத்திப்போச்சுன்னா நோயோ சண்டையோ கைமீறிப் போச்சுன்னுதான் அர்த்தம்.

> கொத்தனார் யாரும் முதிர்ப்புன்னு சொல்லப்போறதில்ல, கியூரிங்னே இருக்கட்டுமே

இருக்கட்டும், சைட்டுல கியூரிங்னே சொல்லட்டும், நானும் அப்படித்தான் சொல்றேன், அத யாரும் தடுக்கல. ஆனா வேலைக்குறிப்பு, பாடப்புத்தகம், பாலிடெக்னிக் வகுப்பு, பூச்சு டப்பா மேல ஒட்டுற லேபிளு, இங்கல்லாம் எழுதுறவன் ஒரு தமிழ்ச்சொல்லப் போட்டாகணும், போடுற சொல்லு தப்பான வேலைய சொல்லித் தரக்கூடாது. கியூரிங்ங்கிறது வெறும் சத்தம், ஏன் 10 நாள்னு கேட்டா அதுக்குள்ள பதில் கிடையாது. இன்னும் முதிரலன்னு சொன்னா சித்தாளுக்கும் பட்டுனு புரியும்.

கூடவே பக்கத்துச் சொற்களயும் பிரிச்சு வச்சுக்கணும், இல்லன்னா குழம்பும். கலவை கைக்கு அடங்காம விறைக்கிற முதல் சில மணி நேரம் செட்டிங், அதுக்கு இறுகல். அப்புறம் நாள்கணக்குல பலம் ஏறுறது கெட்டிப்படுதல். சிமெண்டும் தண்ணியும் சேர்ற வினைக்கு வேதியியல்ல இருக்குற நீரேற்றமே போதும், பம்பிங் ஸ்டேஷனுக்கும் அதே சொல்லு இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், இடம் வேற வேறயா இருக்குறதால மயக்கம் வராதுன்னு நினைக்கிறேன்.

---

மறுமொழி:

தம்பி, நீ எழுதுனத படிச்சிட்டு நான் குடுத்த நீராற்றல வாபஸ் வாங்கிக்கிறேன். முதிர்ப்பு இலக்கணத்துக்குப் பொருந்துது. ஒரு கேள்வி, எபாக்சி, ரப்பர் இதுக்கெல்லாமும் கியூரிங்னுதான் சொல்றாங்க, அங்கயும் முதிர்ப்புதானா?

---

ஐயா, ரொம்ப நன்றி. எபாக்சியில ரெண்டு பொருள் கலந்ததும் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கால பின்னிக்குது, பெரும்பாலும் மணிக்கணக்குல இறுகிடும், முழு பலத்துக்குச் சில நாள் ஆகும், அங்க நாம பராமரிக்கிறதுன்னு பெருசா இல்ல, கலந்து விட்டா அதுவா ஆகுது. அதனால அதுக்கு முதிர்ப்ப நீட்ட வேணாம்னு தோணுது, பிணைந்திறுகல்னு தனியா வைக்கலாமா பாருங்க. வெடிப்பு அடைக்க கான்கிரீட்டுக்குள்ள எபாக்சி ஏத்துற வேலையில ரெண்டு சொல்லும் ஒரே பக்கத்துல வரும், அங்க பிரிச்சு சொல்லியே ஆகணும். கெமிக்கல் பக்கம் வேலை பாக்குறவங்க யாராவது குழுவுல இருந்தா இத மட்டும் பாத்து சொல்லுங்க, முதிர்ப்பு வச்சு அந்தப் பழைய வேலைக்குறிப்ப நான் இந்த வாரமே திருத்தி அனுப்புறேன்.