‘தி ஷைனிங்’: ஒரு காவல்காரர் மகனின் மூன்று இரவுகள்

ஸ்டான்லி என்றால் எங்கள் வடசென்னைப் பக்கத்தில் ஆஸ்பத்திரி. அதனால்தான் 2001-ஆம் ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, பழைய வண்ணாரப்பேட்டையில் மாடி அறையொன்றில் குடியிருந்த நண்பன், ஸ்டான்லி குப்ரிக் எடுத்த பேய்ப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று எங்களை அழைத்தபோது, கூட வந்தவர்களில் ஒருவன் “எந்த வார்டுல?” என்று கேட்டான். அந்தப் படத்துக்கு மூலமான நாவலை 1977-இல் வெளியிட்ட ஸ்டீபன் கிங்குக்கு, அக்கதை தோன்றக் காரணமாக இருந்த கொலராடோ ஓட்டலின் பெயரும் ஸ்டான்லிதான் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் அவனுக்குத்தான் தொலைபேசியில் சொன்னேன்.

படம் இரண்டு விசிடிகளில் இருந்தது, துணைத்தலைப்பு கிடையாது. ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஐவருக்கும் இருந்த ஆங்கிலத்தைக் கூட்டினால் ஒருவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கதையைப் பிடித்துக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை. எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையுள்ள ஜாக் டாரன்ஸ் என்பவர், குளிர்காலத்தில் மூடிவைக்கப்படும் ‘ஓவர்லுக்’ என்ற மலையோட்டலைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, மனைவி வெண்டியையும் சிறுவனான மகன் டேனியையும் அழைத்துக்கொண்டு போகிறார். பனி பெய்து பாதை அடைபட்டுவிட்டால் மாதக்கணக்கில் வெளியே வர முடியாது. முன்பு அதே வேலைக்கு வந்த கிரேடி என்பவன் தன் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தான் என்பதை மேலாளர் நேர்காணலிலேயே சொல்லிவிடுகிறார். ஜாக் அதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்கிறார். ஜாக் நிக்கல்சனின் அந்தச் சிரிப்பைப் பார்த்தவுடனேயே, இந்த ஆள் போகிற இடத்தில் பேய் இல்லாவிட்டாலும் இவரே போதும் என்று எங்களுக்குத் தோன்றிவிட்டது. கிங்குக்கு இந்தப் படம் பிடிக்காமல் போனதற்கும் அதுவே ஒரு காரணம்: நாவலில் நல்ல மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறான், படத்திலோ முதல் காட்சியிலேயே பாதி கெட்டுப்போய்த்தான் வருகிறான்.

முதல் முக்கால் மணி நேரம் நாங்கள் பயப்படவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டுக் குடித்தனங்களுக்கு ஒரு முற்றமும் இரண்டு கழிப்பறைகளும் இருந்த வரிசை வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு, முடிவில்லாத தாழ்வாரங்களும் யாரும் படுக்காத நூற்றுக்கணக்கான படுக்கைகளும் பொறாமையைத்தான் உண்டாக்கின. “மூணு பேருக்கு இவ்ளோ பெரிய வூடா?” என்று ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். எண்ணூர்ப் பக்கம் உப்பு லாரியில் வேலை பார்த்தவன் இன்னொருவன். கடைசியில் வரும் செடிப் புதிரில் (உயர்ந்த செடிச் சுவர்களுக்கு நடுவே வழி தேடும் புதிர்ப்பாதை) குவிந்துகிடந்த வெண்மையைப் பார்த்து, “இது பனி மாதிரி இல்லியே, நம்ம உப்பு மாதிரியில்ல இருக்குது” என்றான். அவன் சொன்னது உண்மை. இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட அந்தக் காட்சிக்கு உப்பையும் நொறுக்கிய தெர்மோகோலையும்தான் கொட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து காட்டப்படும் ஓட்டல் மட்டும் ஒரிகான் மாநிலத்தில் மவுண்ட் ஹூட் மலையில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ்.

சிரிப்பு நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டேனி தன் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு ஆளற்ற தாழ்வாரங்களில் சுற்றிச் சுற்றி வருகிறான். தரையை ஒட்டினாற்போல் கேமரா அவன் பின்னாலேயே போகிறது. மரத்தரையில் சக்கரம் உருளும்போது கடகடவென்று பெரும் சத்தம் எழுகிறது. கம்பளத்தின்மேல் ஏறியதும் சத்தம் சட்டென்று செத்துப்போகிறது. மறுபடியும் மரம், மறுபடியும் கம்பளம். காட்சியில் வேறொன்றும் நடப்பதில்லை. கேமரா குலுங்காமல் நகர்வதற்காக காரெட் பிரவுன் கண்டுபிடித்த ஸ்டெடிகேம் என்ற கருவி அப்போது புதியது என்றும், சக்கர நாற்காலி ஒன்றில் அதைத் தாழ்வாகப் பொருத்திக்கொண்டு பையனைத் துரத்தினார்கள் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றிரவு எங்களைக் கட்டிப்போட்டது காதுதான். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது தேடத் தொடங்கிவிடுகிறது. ஒற்றை அறை வீட்டில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, படியேறி வரும் செருப்புச் சத்தத்திலிருந்தே வருகிறவரின் மனநிலையைக் கணிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த வேலை புதியதல்ல.

இப்போது நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தந்தையை வீட்டில் நாங்கள் அப்படித்தான் அழைப்போம். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கிடங்கில் அவர் 19 ஆண்டுகள் இரவுப் பாரா பார்த்தார். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுற்று வந்து, ரவுண்டு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எழுதித் தீர்ந்து அலுவலகத்தில் கழித்துப் போட்ட நோட்டுகளை எனக்குக் கணக்குப் போடுவதற்காக அவர் எடுத்து வருவார். ஒரு பக்கத்தில் என் பெருக்கல் கணக்குகள் இருக்கும், மறுபக்கத்தில் நைனாவின் கையெழுத்தில், “மணி 1. சுற்றி வந்தேன். எல்லாம் சரி. மணி 2. சுற்றி வந்தேன். எல்லாம் சரி” என்று மேலிருந்து கீழ்வரை ஒரே வரி ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பக்கத்திலும் அதுவே, அடுத்த நோட்டிலும் அதுவே.

ஜாக் மாதக்கணக்கில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நாவலை வெண்டி முதன்முதலாக எடுத்துப் பார்க்கும் காட்சி வந்தது. வேலை வேலையென்றே இருந்தால் ஜாக் மந்தமான பையனாகிவிடுவான் என்ற பொருளுடைய ஓர் ஆங்கிலப் பழமொழி, நூற்றுக்கணக்கான தாள்களில் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறது. வெண்டியின் கை தாளைப் புரட்டப் புரட்ட, மற்ற நால்வரும் ஏதோ வெடிச்சிரிப்புக்குத் தயாராவதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வயிற்றில் பிசைந்தது. அந்தத் தாள்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அவற்றின் முதுகில்தான் வகுத்தல் படித்தேன். அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

நம் ஊரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவது பக்திக்கும் தண்டனைக்கும் உரிய செயல். பாட்டி ‘ஸ்ரீராமஜயம்’ எழுதுவார். பேரன் இம்போசிஷன் எழுதுவான். இரண்டிலும் எழுதுகிறவருக்குத் தான் எதற்காக எழுதுகிறோம் என்பது தெரியும். ஜாக்கின் தாள்களில் அது தெரியவில்லை என்பதுதான் அந்தக் காட்சியின் நஞ்சு. இன்று அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக இருக்கும் நான், அத்தாள்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. ஒரு தாளில் வரிகள் நாடக வசனம்போல் உள்தள்ளி அமைந்திருக்கின்றன, இன்னொன்றில் பத்திகளாகப் பிரிந்திருக்கின்றன. அந்த மனிதர் அக்கறையோடு வேலை செய்திருக்கிறார்! குப்ரிக் வேறு மொழிகளுக்காக அந்த மொழிகளின் பழமொழிகளிலேயே தாள்களை அடிக்கச் செய்தார். இத்தாலிய வடிவத்தில் விடியலின் வாயில் பொன் இருக்கிறது என்ற பழமொழி வருகிறது. தமிழுக்குச் செய்திருந்தால், எங்கள் பள்ளிச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்த ‘காலம் பொன் போன்றது’ என்பதையே வைத்திருக்கலாம்.

கடைசிச் சட்டகத்தில், 1921-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று அந்த ஓட்டலில் நடந்த விருந்தின் புகைப்படத்தில் ஜாக் முன்வரிசையில் நின்று சிரிக்கிறார். இதற்குப் பொருள் என்ன என்று உலகம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. மாடி அறையில் எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை: முற்பிறவி. மறுபிறவிக் கதைகளில் ஊறிய நமக்குக் கையில் கிடைக்கும் இந்த விடை எளிமையானது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விடை கிடைத்துவிட்டால் அந்தப் படம் அன்றே முடிந்திருக்கும், நான் இருபது ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்திருக்க மாட்டேன். நிலவில் இறங்கியதைப் போலியாகப் படமெடுத்துக் கொடுத்த குற்றவுணர்வை குப்ரிக் இதில் ஒளித்துவைத்தார் என்பதுபோன்ற விளக்கங்களையெல்லாம் திரட்டி ‘ரூம் 237’ என்ற ஆவணப்படம் 2012-இல் வந்தது. பார்த்தேன், பொழுது போயிற்று.

இரண்டாம் இரவு 2009-இல். அதற்குள் எனக்கு ஒரு செய்தி தெரிந்திருந்தது: 1980-இல் அமெரிக்காவில் ஓடிய படம் 144 நிமிடங்கள்; வெளிநாடுகளுக்காக குப்ரிக் அதிலிருந்து ஏறக்குறைய 25 நிமிடங்களை வெட்டினார்; நாங்கள் பார்த்தது அந்தக் குறைந்த வடிவம். நீளமான படம் டிவிடியில் கிடைத்ததும், தண்டையார்பேட்டை வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருங்கைக் கீரை ஆய்ந்தபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெட்டப்பட்டிருந்த காட்சிகளில் ஒன்று, மயங்கி விழுந்த டேனியைப் பார்க்க மருத்துவர் வீட்டுக்கு வருவது. பையனின் தோள் முன்பு ஒருமுறை எப்படி மூட்டு விலகியது என்று மருத்துவர் கேட்கிறார். கணவன் குடித்துவிட்டு வந்த ஓர் இரவில் நேர்ந்த விபத்துதான் அது என்றும், அதன்பின் அவர் குடியையே விட்டுவிட்டார் என்றும், நல்ல செய்தியைச் சொல்வதுபோல் வெண்டி சொல்கிறாள். கையிலிருக்கும் சிகரெட்டில் சாம்பல் நீண்டுகொண்டே போகிறது. தட்டிவிட அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடியே, “புருஷன வுட்டுக்குடுக்காம பேசறா பாரு” என்றார்.

நைனா அம்மாவின்மேல் கை வைத்தவரல்லர், குடித்தவரும் அல்லர். ஆனால் வாரக்கணக்கில் பேசாமல் இருப்பார். விருந்தாளிகள் வந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். “அவருக்கு நைட் டூட்டி, அதான்” என்று எல்லோரிடமும் அம்மா சொல்லுவார். நைனா வேலையிலிருந்து நின்று இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் அதையே சொன்னார். அன்றிரவுதான் எனக்கு ஷெல்லி டுவால் என்ற நடிகை புரிந்தார். அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருப்பதாக முதல்முறை எரிச்சலூட்டிய அதே முகம், இம்முறை படத்தையே தாங்கிக்கொண்டிருந்தது. படம் வந்த புதிதில் அவரை மோசமான நடிகைக்கான ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். 2022-இல் அந்த அமைப்பே பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாற்பதாண்டு தாமதம் என்றாலும் செய்தார்கள்.

அந்த நீளமான வடிவம்தான் எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. குறைந்த வடிவத்தில் ஓட்டல் ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறது. நீண்டதில் குடும்பம் தன் கேட்டை மூட்டையாகக் கட்டி ஓட்டலுக்கே எடுத்துவருகிறது.

மூன்றாம் இரவு 2020 மே மாதம். ராயபுரம் மண்டலத்தில் தொற்று மிகுந்து, எங்கள் தெருவின் இரு முனைகளையும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். நைனாவுக்கு அப்போது 71 வயது. வேலையை விட்டுப் பல ஆண்டுகளாகியும் அவருடைய உடம்பு இரவை விடவில்லை. மணிக்கு ஒருமுறை எழுந்து, பத்தடி வீட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். படத்தில் சிவப்புச் சுவர்கள் கொண்ட கழிவறை ஒன்றில் கிரேடி ஜாக்கிடம், நீங்கள்தான் எப்போதும் இங்கே காவல்காரர் என்று பணிவோடு சொல்லும் இடத்தில், எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்.

தூக்கம் வராமல் நான் மடிக்கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நைனா எழுந்து வந்து பக்கத்தில் அமர்ந்தார். என்ன படம் என்று கேட்டார். ஓட்டலில் பாராவுக்குப் போன ஆளின் கதை என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, தொழில்காரரின் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார். ஜாக் பெரிய கூடத்தில் பந்தைச் சுவரில் அடித்து விளையாடுகிறார், மதியம்வரை தூங்குகிறார், தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த நைனா, “இன்னாடா இவன், ஒரு ரவுண்டுகூடப் போக மாட்டேங்கறான்?” என்றார்.

நான் படத்தை நிறுத்தினேன். எத்தனையோ முறை பார்த்த எனக்கு அது தோன்றியதே இல்லை. சம்பளத்துக்கு வந்தவர் ஜாக். ஆனால் பாய்லர் அறைக்குப் போய் அளவுமானிகளைச் சரிபார்ப்பது வெண்டி, வயர்லெஸ்ஸில் வனத்துறையோடு பேசுவது வெண்டி, சமைப்பதும் வெண்டி. அந்தக் கட்டடத்தை உண்மையில் காத்துக்கொண்டிருப்பவள் அவள்தான். காவல்காரர் நீங்கள்தான் என்று பேய்கள் சொன்னதை நம்பி, அந்தப் பட்டத்தை மட்டும் ஜாக் வாங்கிக்கொள்கிறார்.

கோடரி வெளியே வருவதற்கு முன்பே நைனா போய்ப் படுத்துவிட்டார்; செடிப் புதிரையும் பார்க்கவில்லை, புகைப்படத்தையும் பார்க்கவில்லை. மனைவியும் பையனும் பனிவண்டியில் தப்பிவிட்டார்கள் என்றும், அந்த ஆள் பனியில் உறைந்து செத்தான் என்றும் காலையில் சொன்னேன். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து, “அப்ப பாய்லர யாரு பாத்துக்கினது?” என்று கேட்டார்.

படத்தில் அதற்கு விடை இல்லை. கிங்கின் நாவலில், பார்க்க ஆளில்லாமல் அழுத்தம் ஏறி அந்தப் பாய்லர் வெடித்துத்தான் ஓட்டல் முழுவதும் எரிந்து அழிகிறது என்று அவரிடம் சொன்னேன்.

“பின்ன? வெடிக்காதா?” என்று சொல்லிவிட்டு, முகக்கவசத்தைக் காதில் மாட்டிக்கொண்டு, பால் வண்டி வந்து நிற்கும் தகரத் தடுப்பை நோக்கி நைனா நடந்தார்.