தரம் 5 பிள்ளைகளின் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துவிடலாமா?

உவர்மலை அம்மா:
புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குவதால், என் மகனின் வகுப்பில் இந்தத் தவணை முழுவதும் விளையாட்டுப் பாடவேளையிலும் மாதிரி வினாத்தாள்தான் செய்விக்கிறார்கள். பள்ளி விட்டால் ரியூசன், அது முடிந்தால் வீட்டுவேலை. சென்ற வாரம் ஒரு மாலை, ஒரே கணக்கை நான்கு முறை எழுதி, தாள் கிழியும்வரை அழிறப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கொப்பியை மூடிவைத்துவிட்டு டச்பே கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தவன், காலில் ஒட்டிய மணலோடு உட்கார்ந்து அதே கணக்கை முடித்தான். ஓட்டத்துக்கும் மூளைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
அம்மா, ஓடாமல் அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பிள்ளை அந்தக் கணக்கைச் செய்திருப்பான். களைத்த மூளைக்கு வேண்டியது ஓய்வு. ஒரு மாலையை வைத்துப் பாடவேளைகளைத் தீர்மானிக்க முடியாது. நம் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு மைதானத்தில் விட்ட வகுப்பு, திரும்பி வந்து மேசையில் தலை சாய்ப்பதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்.

மைதானத்துக்காரன்:
ஆசிரியர் அவர்களே, நீங்கள் கேட்கும் ஒப்பீட்டையே அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஹில்மனின் குழுவினர் செய்து 2009இல் வெளியிட்டார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் 20 நிமிடம் ஓடுபொறியில் (ட்ரெட்மில்) நடந்தார்கள், இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நடந்த நாளில், கவனத்தைக் கலைக்கும் குறிகளுக்கிடையே சரியான விடையைத் தெரிவுசெய்வதிலும் வாசித்து விளங்குவதிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். புலமைப்பரிசில் வினாத்தாளின் நுண்ணறிவு வினாக்களுக்கு வேண்டியதும் அந்தக் கவனம்தானே? 2014இல் அதே குழு, ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 221 பிள்ளைகளைக் கொண்டு, பள்ளி விட்டபின் ஒன்பது மாதம் நடத்திய உடற்பயிற்சியின் முடிவும் இதே பக்கம்தான் நிற்கிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
அந்த 2009 ஆய்வில் வாசிப்பு முன்னேறியது, கணக்கு முன்னேறவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். நோர்வேயில் 57 பள்ளிகளில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 165 நிமிடம் மேலதிக உடலசைவு கொடுத்தார்கள். மொத்தத்தில் பெறுபேற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மைதானத்துக்காரன்:
ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே நோர்வே ஆய்வில், எண்கணிதத்தில் பின்தங்கியிருந்த மூன்றிலொரு பங்கினர் முன்னேறினார்கள். நாம் பயந்து மேலதிக வகுப்பில் அடைத்துவைப்பது யாரை? அவர்களைத்தானே! உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவைப் பரிந்துரைக்கிறது. பாடவேளையையும் எடுத்துவிட்டால் ரியூசன் பிள்ளைக்கு அதில் பாதியாவது எங்கே கிடைக்கும்? வெயிலைப் பற்றிச் சொன்னது நியாயம். அதற்குப் பாடவேளையைக் காலையில் முதலாவதாக வைக்கலாம், அல்லது மர நிழலில் கிளித்தட்டு விளையாடவிடலாம்.

உவர்மலை அம்மா:
ஐயா, உங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகள் முதல் 20 நிமிடம் முற்றத்தில் ஓடட்டும் என்றால் சம்மதிப்பீர்களா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
நான்கு மணி வகுப்பை நான்கு இருபதுக்குத் தொடங்குவதில் எனக்கு இழப்பில்லை. ஒரு தவணை செய்து பார்க்கிறேன். ஆனால் குறைந்த நிமிடங்களுக்காகக் கட்டணத்தைக் குறைக்கும்படி எந்தப் பெற்றோரும் வாசலில் வந்து நிற்கக் கூடாது.