டை கட்டிங் மெஷினில் ஒரு மூலை வெட்டுப்படவே மாட்டேன் என்கிறது

அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கார்மெண்ட்ஸ் வெட்டுத்துண்டு வாங்கி ஒட்டுப்போர்வை தைப்பது என் தொழில். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் மரத்துப்போனதால், நாத்தனார் கொழும்பிலிருந்து கையால் சுற்றும் டை கட்டிங் மெஷின் ஒன்று கொண்டுவந்து தந்தார். ஏற்கனவே பாவித்ததுதான். கூடவே 4½ அங்குலச் சதுர டை (ஸ்பொஞ்சுக்குள் பிளேடு பதித்த வெட்டு அச்சு; அதன்மேல் துணியும் பிளாஸ்டிக் தகடும் வைத்து ரோலருக்குள் சுற்றி அனுப்ப வேண்டும்). சுற்றிவரக் கால் அங்குலம் தையலுக்குப் போனால் சரியாக 4 அங்குலம் நிற்கும்.

இரண்டு மடிப்பு துணி சுத்தமாக வெட்டுகிறது. நான்கு வைத்தால் ஒரே மூலையில் மட்டும் நூல் அறுபடாமல் தொங்குகிறது. டையின் ஸ்பொஞ்சில் சிக்கிய நூலைக் குண்டூசியால் எடுத்துப் பார்த்தேன், பலனில்லை. மேலே வைக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பிப் போட்டதும் கொஞ்சம் பரவாயில்லை. மூன்று மாதமாக ஒரே இடத்தில் வைத்தே வெட்டியதில் தகட்டில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். என் புத்திதான்!

சில சதுரங்கள் ஒரு பக்கம் நீண்டும் போயின. துணியை இரு பக்கமும் இழுத்துப் பார்த்து, இழுபடாத பக்கம் ரோலருக்குள் போகிற மாதிரி வைத்தபிறகு அது குறைந்துவிட்டது. டீ-ஷர்ட் துணியை மட்டும் கைவிட்டுவிட்டேன்.

இப்போது கேட்பது இதுதான்: அந்த மூலைக்கு அடியில் மெல்லிய அட்டை வைக்கலாமா, இல்லை தகட்டையே மாற்ற வேண்டுமா? தடித்த தகடு போட்டால் ரோலர் இறுகிவிடுமோ என்று பயம். கண்டி, நுவரெலியா பக்கம் தகடு எங்கே கிடைக்கும்? அப்புறம், இந்த மழையில் துணி நமுத்தே கிடக்கிறது. கஞ்சி போட்டு அயன் பண்ணி வெட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.