பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஏன் இல்லை?

வேலூர்க்காரன்:
எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார். மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர் திரும்பவில்லை. வீட்டில் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் மட்டும் இருக்கிறது. அங்கே இறந்தவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் படங்களில் ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர்கள் தெரிகின்றன. இவர் பெயரைக் காணோம். பதிவேடு தொலைந்துவிட்டதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
இதற்குப் பதிவேட்டைக் குறை சொல்ல முடியாது, தம்பி. பொறிக்க வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். பாஸ்ராவில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் கீழ் இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான். இத்தனைக்கும் பதவி, இனம், மதம் பாராமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பதே இந்தச் சின்னங்களைப் பராமரிக்கும் போர்க்கல்லறை ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை! பிரான்சில் 1927இல் திறந்த நெவ் ஷபெல் சின்னத்தைப் பாருங்கள்: அங்கே 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அங்கே செத்தவனும் அதே இந்தியப் படையின் சிப்பாய்தான். ஐரோப்பியர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர், பாலைவனத்தில் வெறும் தொகை. வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரின்றியோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. நூறாண்டு தாமதம். என் மனம் ஆறவில்லை.

நூலகத்துப் பறவை:
மெட்ராஸ்காரர்களுக்கு இன்னோர் அவமானமும் உண்டு. 1880களில் மெட்ராஸ் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சில இனத்தவர்தான் போருக்கு ஏற்றவர்கள் என்ற அந்தப் ‘போர்க்குடிகள்’ கொள்கையால் மெட்ராஸ் காலாட்படைகள் பல ஒவ்வொன்றாகக் கலைந்தன. பாலமும் பாதையும் போடும் சாப்பர்ஸ் தப்பியது. பறையர் சமூகத்தவருக்கு ராணுவத்தில் மிஞ்சிய சில வாசல்களில் அதுவும் ஒன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் சாதாரணச் சிப்பாயின் சம்பளமோ மாதம் 11 ரூபாய்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கே பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். கல்லில் இல்லாத பல பெயர்கள் அதில் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், முனுசாமியை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், நானும் தேடுகிறேன்.