பாலாஜி இல்லை, பலோஜி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது ஒரு முடிவெட்டும் கடையில். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டிருந்தார்கள், தலையைத் திருப்ப முடியாது. பிரசெல்ஸுக்கு வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், 2019. என் அறைக்குப் பக்கத்துக் கடையில் ஒருமுறை தலையைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் தொப்பியோடு திரிந்தேன். அதற்கப்புறம் அலுவலக நண்பர் ஒருவர்தான் மத்தோங்கேக்குப் போகச் சொன்னார்.

போர்த் தெ நாமூர் மெட்ரோவில் இறங்கி ஷோஸே தெ வாவ்ர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் மத்தோங்கே. காங்கோவின் தலைநகரான கின்ஷாசாவில் இருக்கும் ஒரு பகுதியின் பெயரை இங்கே குடியேறிய காங்கோக்காரர்கள் இந்தத் தெருக்களுக்கும் வைத்துவிட்டார்கள். சவுரி முடி, கருவாடு, மரவள்ளிக் கீரை, சிம் கார்டு என்று அடுத்தடுத்து கடைகள். முடிவெட்டும் கடைகளுக்குக் கணக்கே இல்லை.

நான் போன கடையில் ஒரு பக்கம் ஆண்களுக்கு வெட்டுவார்கள், மறுபக்கம் பெண்களுக்குச் சடை பின்னுவார்கள். சடை போட மூன்று நான்கு மணி நேரம் ஆகும் போலிருக்கிறது. நான் உள்ளே வரும்போது இருந்த அம்மா, நான் கிளம்பும்போதும் அதே நாற்காலியில் அசையாமல் இருந்தார். கடைக்காரர் என் தலையைப் பாதியில் விட்டுவிட்டு போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பார், இது கின்ஷாசா."

திரையிலும் ஒரு சலூன்தான். உட்கார்ந்திருக்கிற எல்லாருடைய முகத்திலும் போன் வெளிச்சம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் தெரு, நடனம், கண்டதைச் சேர்த்துக் கட்டிய விநோதமான உடைகளில் ஒரு ஊர்வலம். யார் இது என்று கேட்டேன்.

"பலோஜி."

என் காதில் பாலாஜி என்றுதான் விழுந்தது. "பாலாஜியா? எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். சாமி பெயர்" என்றேன். கடைக்காரர் சிரிப்பை அடக்க மெஷினை அணைக்க வேண்டியிருந்தது. "உங்கள் ஊரில் சாமியா? எங்கள் ஊரில் சூனியக்காரன்!" சடை போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நாக்கைத் தட்டி 'ச்' என்றார். கடைக்குள் அந்த வார்த்தையை எதற்குச் சத்தமாகச் சொல்கிறாய் என்று அவர் கேட்டதாகக் கடைக்காரர் பிறகு மொழிபெயர்த்தார்.

அன்று ராத்திரி தூங்காமல் தேடிப் படித்தேன். ஆள் பெல்ஜியத்தில் வளர்ந்த காங்கோ ராப் பாடகர். பலோஜி என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, பெற்றோர் வைத்த பெயர்தான். முன்பு அறிவுள்ளவன், விஷயம் தெரிந்தவன் என்ற பொருளில் வழங்கிய சொல், பாதிரிமார்கள் வந்தபின் பில்லி சூனியத்தோடு ஒட்டிக்கொண்டது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நல்ல பொருளோ கெட்ட பொருளோ, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தப் பெயரோடு எழுந்து நிற்க வேண்டியது அந்தப் பையன்தானே.

1978-ல் லுபும்பாஷியில் பிறந்தவர். காங்கோவின் தென்கிழக்கில், செப்புச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர் அது. மூன்று நான்கு வயதில் அப்பா அவரை பெல்ஜியத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். அம்மா அங்கேயே தங்கிவிட்டார். முதலில் கடலோர ஊரான ஆஸ்டெண்ட், பிறகு லியேஜ். பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, லியேஜில் பையன்களோடு சேர்ந்து ராப் பாடத் தொடங்கினார். குழுவின் பெயர் ஸ்டார்ஃப்ளாம். பிரெஞ்சில் 'மல்ஃப்ரா' என்றால் ரவுடி. அதன் பன்மையை (malfrats) எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து எழுதிப்பாருங்கள், ஸ்டார்ஃப்ளாம் (starflam) வரும். ரவுடிகளைத் திருப்பிப் போட்டால் நட்சத்திரம்! இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு மாலை போடலாம்.

எங்கள் அலுவலகத்தில் லியேஜ்காரர் ஒருவர் இருக்கிறார், நாற்பதைத் தாண்டியவர். மறுநாள் மதிய உணவின்போது அவரிடம் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. 2001-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் சிடி தேய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டாராம், இரண்டு பாட்டு இன்னமும் வரி பிசகாமல் தெரியும் என்று சொல்லி அங்கேயே ஒன்றைப் பாடியும் காட்டினார். அதற்கப்புறம் அந்த ராப்பர் என்ன ஆனார் என்று கேட்டால், தோளைக் குலுக்கினார். "விட்டுவிட்டான்னு நினைச்சேன்."

அவர் நினைத்ததும் முழுத் தப்பில்லை. 2004-ல் பலோஜி குழுவைவிட்டு விலகினார், பாட்டே வேண்டாம் என்றுதான் இருந்தார். அப்போதுதான் ஒரு கடிதம் வந்தது. எழுதியது அம்மா. கிட்டத்தட்ட 25 வருடம் பேச்சு இல்லை, முகம் நினைவில்லை. அந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதற்குப் பதிலாக அவர் ஒரு முழு ஆல்பத்தை எழுதினார். இத்தனை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அம்மாவுக்குக் கணக்கு ஒப்புவிக்கிற மாதிரியான பாட்டுகள். 'ஓட்டல் இம்பாலா' என்பது அதன் பெயர். காங்கோவில் அவருடைய அப்பா நடத்திய ஓட்டலின் பெயரும் அதுவே.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு லுபும்பாஷிக்குப் போனார். இந்த இடத்தில் சினிமாவாக இருந்தால் வயலின் வாசிப்பார்கள். ஆனால் அந்தச் சந்திப்பு தான் மனதில் ஓட்டிப் பார்த்த மாதிரி அமையவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அதைப் படித்தபோதுதான். பிறகு 2018-ல் வந்த ஆல்பத்துக்கு '137 அவென்யூ கனியாமா' என்று பெயர் வைத்தார். அது அம்மா இருந்த வீட்டு முகவரி. பத்து வருடம் கழித்தும் அந்த வாசலிலேயே நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இடையில் கின்ஷாசாவுக்குப் போய், அங்கே இருக்கிற இசைக்காரர்களோடு ஆறே நாளில் ஒரு ஆல்பம் பதிவு செய்திருக்கிறார். 'கின்ஷாசா கிளை' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம், வங்கிக் கிளை மாதிரி. அதில் 'இன்டிபென்டன்ஸ் சா சா'வைத் தம் போக்கில் மாற்றிப் பாடியிருக்கிறார். அசல் பாட்டு 1960-ல் ஜோசஃப் கபாசெலேயின் குழு பாடியது. பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெறுவதற்கான வட்டமேசை மாநாடு நடந்தபோது, இதே பிரசெல்ஸில். ஐம்பது வருடம் கழித்து 2010-ல் பலோஜி அதே மெட்டில் அரை நூற்றாண்டுக்குக் கணக்குக் கேட்கிறார். இந்தப் பாட்டைப் போட்டால் மட்டும் முடிவெட்டும் கடையில் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள், அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது.

உடை வடிவமைப்பாளர், இயக்குநர் என்ற பக்கத்துக்கு நான் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். ஒலியைக் கேட்டால் கூடவே நிறம் தெரிகிற இயல்பு தமக்கு உண்டு என்று அவர் சொல்வார். கலைஞர்கள் இப்படிச் சொன்னால் எனக்கு உடனே நம்பத் தோன்றாது. பட வாய்ப்பு விஷயமோ நம்பும்படியே இருந்தது. சினிமாப் பள்ளிக்குப் போகாதவர், ராப்பர், கறுப்பர். கதையை எழுதி எழுதி உதவித்தொகைக்கு அனுப்புவாராம், திரும்பத் திரும்ப மறுப்பே வருமாம். எனவே சொந்தக் காசில் குறும்படம் எடுத்தார். எனக்குக் கடைக்காரர் காட்டியது அதைத்தான். 'ஸோம்பி', கால் மணி நேரப் படம்.

முழுநீளப் படம் 2023-ல் வந்தது. பிரெஞ்சில் 'ஓகூர்', சகுனம் என்று பொருள். கான் திரைப்பட விழாவின் அன் செர்த்தன் ரெகார் பிரிவில் 'புதிய குரல்' விருது கிடைத்தது. 44 வயதில் புதிய குரல்! அடுத்த வருடமே அதே விழாவில், முதல் படங்களுக்குத் தரும் கேமரா தோர் விருதின் நடுவர் குழுவுக்கு நடிகை எம்மானுவேல் பெயாரோடு சேர்ந்து தலைமை வகித்தார்.

படத்தை இங்கே ஒரு சின்னத் தியேட்டரில் பார்த்தேன். பாதிப் பேர் காங்கோக்காரர்கள். கதைநாயகன் கோஃபி பெல்ஜியத்தில் வளர்ந்தவன், முகத்தில் பிறவி மச்சம். அந்த மச்சத்தாலேயே பெற்ற தாய் அவனைப் பிசாசின் பிள்ளை என்று ஒதுக்கியவள். கர்ப்பமாக இருக்கும் வெள்ளைக்காரக் காதலியோடு, பரிசப் பணம் கொடுக்க ஊருக்கு வருகிறான். எல்லாரும் கூடியிருக்கிறார்கள். தங்கையின் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைக்கிறான். கொஞ்சுகிறான். அவன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் குழந்தையின் முகத்தில் விழுகிறது.

எனக்கு முன் வரிசையில் இருந்த பெல்ஜியத் தம்பதி, ஐயோ பாவம் மூக்கில் ரத்தம் வருகிறதே என்று பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் நாற்காலிப் பிடியை இறுக்கினார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் வெட்கம், எனக்கும் தெரிந்துவிட்டது. என் பாட்டியின் குரல் காதில் கேட்டது, குழந்தையை முதலில் வாங்குடி என்று. நான் படித்த படிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

படம் குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். நான்கு பேர் கதையை ஒன்றாகப் பின்னப் பார்க்கிறது, சில இழைகள் கையில் நிற்கவில்லை. பத்து வருடமாகச் சொல்லவிடாமல் வைத்திருந்தவனுக்கு மைக்கைக் கொடுத்தால் அத்தனையையும் சேர்த்துத்தானே சொல்வான். படத்தில் வரும் நான்கு பாத்திரங்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு ஆல்பம் வேறு எழுதியிருக்கிறார்.

ஆண்ட்வெர்ப்பில் மோமு என்று ஒரு ஆடை அருங்காட்சியகம் இருக்கிறது. படத்தின் உடைகளை மையமாக வைத்து அங்கே அவருடைய கண்காட்சி நடந்தது, 2024-ல் போனேன். படத்தில் தெருப்பிள்ளைகளின் கும்பல் ஒன்று உண்டு. தலைவன் பாக்கோ, செத்துப்போன தங்கைக்காக அவனும் கூட்டாளிகளும் ரோஸ் நிற இளவரசி கவுன் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். திரையில் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. காட்சிக்கூடத்தில் அந்த நினைவோடுதான் துணிகளுக்கு நடுவே நடந்தேன். பிறந்தநாள் கவுன் மாதிரியான துணியைப் போட்டுக்கொண்டு சங்கு அறுக்கத் துணிந்த பையன்கள். அதைப் பாட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், முடியாது. பாட்டை விட்டுவிட்டு இதற்கு வரவில்லை அந்த ஆள், பாட்டில் அடங்காததை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அடுத்த முறை முடிவெட்டப் போனபோது கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படம் பார்க்கவில்லை. சனிக்கிழமை கடையைப் போட்டுவிட்டு எங்கே போக, என்றார். கதையை மட்டும் கேட்டுக்கொண்டே வெட்டினார். ஆரம்பத்திலேயே கோஃபி தன் பெரிய ஆஃப்ரோ முடியை எடுத்துவிடுவான், ஊருக்குப் போவதற்காக, என்றேன். மெஷின் நின்றது.

"யார் எடுத்தது?"

"காதலி. வீட்டிலேயே."

"அங்கேதான் தப்பு" என்று சொல்லிவிட்டு என் தலையை முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.